எண்ணிட்ட குப்பியிலிருந்து உரிமத் தேர்வு வரை: அமெரிக்கச் செவிலியரின் மருந்துக் கல்வி வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்ற விரும்பும் ஒவ்வொருவரும், செவிலியர் கல்லூரிப் படிப்பை முடித்த பின்னர், என்கிளெக்ஸ் எனப்படும் தேசிய உரிமத் தேர்வில் தேறியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அதன் பாடத்திட்டத்தில், மருந்தியலும் ஊசி, சிரைவழிச் சிகிச்சைகளும் அடங்கிய பகுதிக்கு 13 முதல் 19 விழுக்காடு வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. நூற்றுக்கணக்கான மருந்துகளின் பெயர், செயல், அளவு, பக்கவிளைவு, முறிமருந்து, நோயாளிக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஆகியவற்றை மனத்தில் இருத்த வேண்டியிருப்பதால், தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் மிகுதியாக அஞ்சுவதும் இப்பகுதிக்கே. ஆனால் இன்று சுமையாகத் தோன்றும் இந்த அறிவு, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் செவிலியருக்கு வேண்டுமென்றே மறுக்கப்பட்ட ஒன்று. அது அவர்களுடைய கைக்கு வந்து சேர்ந்த வரலாறு, செவிலியப் பணி ஏவல் தொழில் என்னும் நிலையிலிருந்து பொறுப்புள்ள தொழிலாக உயர்ந்த வரலாறும் ஆகும்.

பெயர் மறைக்கப்பட்ட மருந்துகள்

1860இல் இலண்டனின் புனித தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு, 1873ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனிலும், பாஸ்டனிலும் செவிலியர் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. அதே 1873இல், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சியை முடித்து வெளிவந்த லிண்டா ரிச்சர்ட்ஸ், அமெரிக்காவின் முதல் பயிற்சிபெற்ற செவிலியர் என்று போற்றப்படுகிறார். அவர் 1911இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் தம் பயிற்சிக் காலத்தைப் பற்றிக் கூறும் செய்திகளுள் மருந்துக் கல்வியின் வரலாற்றுக்கு இன்றியமையாதது ஒன்று உண்டு. நோயாளிகளுக்கு ஊட்டப்பட்ட மருந்துகளின் பெயர்களை அறிந்துகொள்ளப் பயிற்சிச் செவிலியர்கள் அனுமதிக்கப்படவில்லை. வார்டுக்கு வந்த குப்பிகளில் பெயர்ச்சீட்டுக்கு மாறாக எண்களே இருந்தன. குறிப்பிட்ட எண்ணுள்ள குப்பியிலிருந்து குறிப்பிட்ட அளவை, குறிப்பிட்ட வேளையில், குறிப்பிட்ட நோயாளிக்குக் கொடுப்பதோடு செவிலியரின் கடமை முடிந்தது.

இந்த வழக்கத்திற்கு அக்காலச் சமூக ஒழுங்கே காரணம். நோயை அறிவதும் மருந்தைத் தேர்வதும் மருத்துவருக்கு மட்டுமே உரியவை என்று கருதப்பட்டன. மருந்தின் பெயரை அறிந்த செவிலியர் அதன் பொருத்தத்தைப் பற்றியும் சிந்திக்கத் தொடங்குவார் என்றும், அச்சிந்தனை மருத்துவரின் அதிகாரத்திற்கு இடையூறாகும் என்றும் மருத்துவ உலகம் அஞ்சியது. அன்றைய மருந்துகளோ எளியவை அல்ல. வலியையும் வயிற்றுப்போக்கையும் அடக்க அபினும் அதிலிருந்து பிரிக்கப்பட்ட மார்ஃபினும், காய்ச்சலுக்குக் குயினைனும், இதய நோய்க்கு டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலைச்சாறும், குடலைக் கழுவப் பாதரசக் கலவையான கலோமெலும், சோர்வை நீக்க எட்டியிலிருந்து எடுக்கப்படும் ஸ்ட்ரிக்னினும் வழங்கப்பட்டன. இவற்றுள் பலவற்றில் நோய் தீர்க்கும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடையே இருந்த இடைவெளி மிகக் குறுகியது.

இங்கேதான் அந்த ஏற்பாட்டின் உள்முரண் வெளிப்பட்டது. மருத்துவர் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து செல்பவர். இரவு முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர். டிஜிட்டாலிஸ் மிகும்போது நாடித்துடிப்பு தளர்ந்து குமட்டல் தோன்றுவதையும், மார்ஃபின் மிகும்போது கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி மூச்சு மெதுவாவதையும் முதலில் காணக்கூடியவர் அவரே. ஆனால் தாம் கொடுத்தது எது என்று அறியாதவர், தாம் காண்பது நோயின் விளைவா மருந்தின் விளைவா என்று பிரித்தறிய இயலாது. மறைக்கப்பட்ட பெயர் மருத்துவரின் அதிகாரத்தைக் காத்ததே அன்றி, நோயாளியைக் காக்கவில்லை.

லவீனியா டாக் எழுதிய நூல்

இத்தடையை உடைத்ததில் முன்நிற்பவர் லவீனியா டாக். பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் நகரில் 1858இல் பிறந்த அவர், 1886இல் பெல்வியூ பள்ளியில் பயிற்சி முடித்து, பின்னர் அம்மருத்துவமனையிலேயே இரவுக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். மருந்துகளைப் பற்றிப் படிக்க விரும்பிய பயிற்சியாளர்களுக்கு மருத்துவ மாணவர்களுக்கென எழுதப்பட்ட பருத்த நூல்களைத் தவிர வேறு துணை இல்லாததைக் கண்ட அவர், செவிலியருக்கென்றே ஒரு மெட்டீரியா மெடிகா பாடநூலை எழுதி 1890இல் நியூயார்க்கின் புட்னம் பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். மெட்டீரியா மெடிகா என்பது, மருந்தாகப் பயன்படும் பொருள்களின் மூலம், தயாரிப்பு, அளவு, உடலில் அவற்றின் செயல் ஆகியவற்றை விளக்கும் துறைக்கு அக்காலத்தில் வழங்கிய இலத்தீன் பெயர். இன்றைய மருந்தியலுக்கு அதுவே முன்னோடி. டாக்கின் நூல் அத்துறையைச் செவிலியரின் பணிக்கு ஏற்ற வகையில் சுருக்கி ஒழுங்குபடுத்தியதால், பல பதிப்புகள் கண்டு, அமெரிக்கச் செவிலியர் பள்ளிகளில் நெடுங்காலம் பாடநூலாக நிலைத்தது.

இந்நூல் செவிலியரை மருத்துவராக்க முற்படவில்லை. மருந்தைத் தேர்வது மருத்துவரின் பணி என்பதை ஏற்றுக்கொண்டே, கொடுப்பவருக்கும் கண்காணிப்பவருக்கும் தேவையான அறிவு தனியாக உண்டு என்பதை அது நிலைநாட்டியது. இம்மருந்து எந்த உறுப்பில் செயல்படும், வழக்கமான அளவு எது, மிகுந்தால் என்ன அறிகுறி தோன்றும், நஞ்சாகிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது எது என்னும் வினாக்கள் செவிலியரின் வினாக்களாக அங்கே வடிவம் பெற்றன. இன்றைய உரிமத் தேர்வின் மருந்து வினாக்களும் இதே நான்கையே சுற்றி வருகின்றன என்பதை நோக்கினால், 1890ஆம் ஆண்டின் அச்சிறு நூலே இத்துறையின் அடித்தளம் எனலாம். பின்னர்ப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற டாக், அறிவையும் உரிமையையும் ஒன்றாகவே கருதியவர் என்பதற்கு அவருடைய வாழ்வு முழுவதும் சான்றாக நிற்கிறது.

பதிவுச் சட்டங்களும் மாநிலத் தேர்வுகளும்

நூல் வந்ததால் மட்டும் அறிவு பரவிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவமனைதோறும் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. அவற்றுள் பல, குறைந்த செலவில் வேலையாள்களைப் பெறுவதற்காகவே நடத்தப்பட்டன. யார் பயின்றவர், யார் பயிலாதவர் என்று பொதுமக்கள் அறிய வழியில்லாத நிலையில், அரசு பதிவேடு ஒன்றை வைத்துத் தகுதியுள்ளோரின் பெயர்களை அதில் ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நியூசிலாந்து 1901இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றி வழிகாட்டியது. அமெரிக்காவில் 1903ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வட கரோலினா முதலில் சட்டம் இயற்ற, அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகியவை அதைப் பின்பற்றின. 1923ஆம் ஆண்டுக்குள் அன்றைய 48 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

தொடக்கச் சட்டங்கள் விருப்பப் பதிவு என்னும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, தேர்வெழுதாதவரும் செவிலியராக வேலை செய்யலாம், ஆனால் பதிவுபெற்ற செவிலியர் என்னும் பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. உரிமம் இல்லாதவர் அப்பணியைச் செய்யவே கூடாது என்னும் கட்டாயச் சட்டத்தை 1938இல் நியூயார்க் முதன்முதலாக இயற்றியது. தேர்வெழுதும் வாய்ப்பும் எல்லோருக்கும் சமமாகக் கிட்டவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பினச் செவிலியர்கள் மாநிலத் தேர்வெழுதத் தடை இருந்ததை எதிர்த்து, லூடி ஆண்ட்ரூஸ் என்னும் செவிலியர் 1909இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1920இல்தான் வெற்றி கண்டது. கற்ற அறிவைத் தேர்வின் வழியே நிறுவிக்காட்டும் உரிமைக்காகவே பத்தாண்டுகளுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது என்பது, இத்தேர்வின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஓர் அத்தியாயம்.

அக்கால மாநிலத் தேர்வுகளை ஒவ்வொரு மாநில வாரியமும் தானே வகுத்தது. பெரும்பாலும் கட்டுரை வடிவில் விடையெழுத வேண்டியிருந்தது. சில இடங்களில் செய்முறைத் தேர்வும் உண்டு. மருந்துப் பாடம், மருந்துகளும் கரைசல்களும் என்னும் தலைப்பிலும் மெட்டீரியா மெடிகா என்னும் தலைப்பிலுமாக இரு படிகளில் கற்பிக்கப்பட்டது. 1917இல் தேசியச் செவிலியர் கல்விக் கழகம் வெளியிட்ட பொதுப் பாடத்திட்டம், பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டிருந்த இப்படிப்பை ஒரே அளவுக்குக் கொண்டுவர முயன்றது.

கரைசல்கள் தனிப்பாடமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இன்று ஆலையிலிருந்து அளவிட்டு வரும் பலவற்றையும் அன்று செவிலியரே வார்டில் கலந்து தயாரிக்க வேண்டியிருந்தது. அளவைகளும் சிக்கலானவை. மருந்துக்கடை அளவை எனப்பட்ட பழைய முறையில் கிரெயின், டிராம், அவுன்ஸ் என்னும் எடைகளும், மினிம் என்னும் நீர்ம அளவும் வழங்கின. 60 கிரெயின் ஒரு டிராம், 8 டிராம் ஓர் அவுன்ஸ். டிராமையும் அவுன்ஸையும் குறித்த கையெழுத்துக் குறிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்ததால், ஒரு கோடு மிகுந்தாலும் குறைந்தாலும் அளவு எட்டு மடங்கு மாறிப்போகும் ஆபத்து இருந்தது. மெட்ரிக் முறை மெல்லப் பரவியபோது, ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம் என்று மாற்றிக் கணக்கிடும் திறனும் தேவைப்பட்டது. இவ்விரு முறைகளும் பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளில் அருகருகே வழங்கியதால், மாணவர்கள் இரண்டையும் கற்றாக வேண்டியிருந்தது.

தோலடி ஊசிக்கான மார்ஃபின் மாத்திரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவர் கிரெயினில் ஆறில் ஒரு பங்கு கொடுக்குமாறு எழுதியிருக்க, வார்டில் கிரெயினில் நான்கில் ஒரு பங்கு கொண்ட மாத்திரை மட்டுமே இருந்தால், செவிலியர் அம்மாத்திரையை 24 மினிம் நீரில் கரைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்காகிய 16 மினிமை மட்டும் ஊசிக்குழலில் எடுத்து, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பின்னக் கணக்கில் நேரும் சிறு பிழை நோயாளியின் மூச்சை நிறுத்திவிடக் கூடும் என்பதால், எண்கணிதம் செவிலியர் தேர்வின் நீங்காத பகுதியாயிற்று. இன்றைய உரிமத் தேர்விலும், விருப்ப விடைகள் எவையும் தரப்படாமல், மாணவரே கணக்கிட்டு எண்ணை நிரப்ப வேண்டிய மருந்தளவு வினாக்கள் தொடர்கின்றன.

மருந்துகளின் பெருக்கமும் பொதுத் தேர்வும்

டாக்கின் காலத்து மருந்துகளுள் பெரும்பாலானவை நோயின் துன்பத்தைத் தணித்தனவே தவிர, நோயைத் தீர்த்தவை சிலவே. 1920களிலிருந்து இந்நிலை தலைகீழாக மாறியது. 1922இல் டொரண்டோ நகரில் நீரிழிவு நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. 1930களின் நடுவில் சல்ஃபா மருந்துகளும், 1940களில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும், 1950களில் மனநோய்க்கான குளோர்ப்ரோமசினும், குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் மருத்துவமனைகளை நிறைத்தன. தொடக்கக் காலப் பெனிசிலினை இரவும் பகலும் மூன்று மணிக்கு ஒருமுறை ஊசியாகச் செலுத்த வேண்டியிருந்ததால், அதுவரை மருத்துவர்களே பெரிதும் வைத்துக்கொண்டிருந்த, தசையில் ஊசி போடும் பணி செவிலியரின் கைக்கு மாறியது. சிரைவழியே நீர்மங்களைச் செலுத்தும் பொறுப்பை 1940இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அடா பிளமர் என்னும் செவிலியரிடம் ஒப்படைத்தது. அவரே அமெரிக்காவின் முதல் சிரைவழிச் சிகிச்சைச் செவிலியராகக் கருதப்படுகிறார்.

மருந்தைக் குறித்த சட்டங்களும் இதே காலத்தில் இறுகின. 1906ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், அபின், மார்ஃபின், கோகெய்ன், சாராயம் முதலியவை கலந்திருந்தால் அதைப் பெயர்ச்சீட்டில் வெளிப்படையாகக் குறிக்குமாறு கட்டாயப்படுத்தியது. 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் போதை மருந்துகளின் வழங்கலுக்குக் கணக்குக் கேட்டது. அவற்றைப் பூட்டிவைத்து, பணி மாறும்போதெல்லாம் இருவர் சேர்ந்து எண்ணி ஒப்படைக்கும் வழக்கம் காலப்போக்கில் வார்டுகளில் வேரூன்றியது. 1937இல் சல்ஃபா மருந்தை நச்சுத்தன்மையுள்ள டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர், பலர் குழந்தைகள், உயிரிழந்ததைத் தொடர்ந்து, விற்பனைக்கு முன்னரே மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்னும் 1938ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது.

இரண்டாம் உலகப் போர் செவிலியரின் தேவையைப் பன்மடங்காக்கியது. 1943இல் தொடங்கப்பட்ட பயிற்சிச் செவிலியர் படை வழியாகப் பெருந்தொகையினர் அரசுச் செலவில் பயின்று வெளிவந்தபோது, ஒவ்வொரு மாநிலமும் கட்டுரை விடைகளைத் திருத்தி முடிவு அறிவிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. எனவே தேசியச் செவிலியர் கல்விக் கழகம், இயந்திரத்தால் திருத்தத்தக்க தெரிவு வினாக்களைத் தொகுத்து, மாநிலங்கள் பகிர்ந்து பயன்படுத்தக்கூடிய பொதுத் தேர்வுத் தொகுப்பை 1944இல் அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் அது 13 தனித்தேர்வுகளைக் கொண்டிருந்தது. உடற்கூறும் உடலியங்கியலும், வேதியியல், நுண்ணுயிரியல், உணவியல் முதலியவற்றுடன், மருந்தியலும் சிகிச்சையியலும் ஒரு தனித்தேர்வாக இடம்பெற்றது. 1950ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் இதை ஏற்றுக்கொண்டதால், நாடு முழுவதும் ஒரே உரிமத் தேர்வைக் கொண்ட முதல் தொழில் என்னும் சிறப்பு செவிலியத்திற்குக் கிட்டியது.

பின்னர்த் தேர்வுகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்தாகச் சுருங்கியபோது, மருந்தியல் தனித்தேர்வு என்னும் நிலையை இழந்து எல்லாப் பகுதிகளிலும் கலந்தது. இதை மருந்தியலின் வீழ்ச்சியாகக் கொள்வது பொருந்தாது. இதய நோயாளியின் பராமரிப்பை டிஜிட்டாலிஸிலிருந்தும், நீரிழிவு நோயாளியின் பராமரிப்பை இன்சுலினிலிருந்தும் பிரித்துக் கற்க முடியாது என்ற உணர்வே அதற்கு அடிப்படை. ஆயினும், பல பள்ளிகள் தனி மருந்தியல் பாடத்தையே கைவிட்டு அதைப் பிற பாடங்களில் சிதறவிட்டதால், மாணவர்களின் அடிப்படை அறிவு மெலிந்தது என்ற குறையும் ஆசிரியர்களிடையே எழுந்தது. தனிப்பாடமா கலந்த பாடமா என்னும் இவ்விவாதம் இன்றளவும் முற்றுப்பெறவில்லை.

என்கிளெக்ஸ் தேர்வும் மருந்துப் பெயர்களின் ஒழுங்கும்

1978இல் மாநிலச் செவிலியர் வாரியங்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு தேசிய மன்றத்தை அமைத்துக்கொண்டன. அம்மன்றம் 1982இல் பழைய தேர்வுத் தொகுப்பை என்கிளெக்ஸ் என்னும் புதிய தேர்வாக மாற்றி அமைத்தது. துறைவாரியான பிரிவுகள் நீங்கி, வினாக்கள் அனைத்தும் ஒருங்கிணைக்கப்பட்டன. ஆண்டுக்கு இருமுறை, இரண்டு நாள்கள் தாளில் எழுதப்பட்ட அத்தேர்வு, 1994 ஏப்ரலில் கணினித் தகவமைப்புத் தேர்வாயிற்று. சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகவும், தவறினால் சற்று எளிதாகவும் அமைய, தேர்வரின் திறன் தேர்ச்சி வரம்புக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பது 95 விழுக்காடு உறுதியாகும்வரை கணினி வினாக்களைத் தொடர்ந்து கொடுக்கும் முறையே தகவமைப்பு எனப்படுகிறது. இம்முறையில் மருந்துப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் பிற பகுதிகளால் ஈடுகட்டுவது எளிதன்று, ஏனெனில் ஒவ்வொரு தேர்வருக்கும் பாடத்திட்டத்தின் விகிதப்படியே வினாக்கள் வந்து சேரும்.

பல்லாயிரம் மருந்துகளைக் கற்க முடியாது என்பதால், அவற்றைக் குடும்பங்களாகக் கற்கும் முறை நிலைபெற்றது. இதற்கு உதவியது, மருந்துகளுக்குப் பெயரிடுவதில் ஏற்பட்ட ஒழுங்கு. உலக நலவாழ்வு நிறுவனம் 1950களில் தொடங்கிய பன்னாட்டுப் பெயரிடல் திட்டமும், 1961இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பெயரிடல் முயற்சியும், ஒரே வகையில் செயல்படும் மருந்துகளின் பொதுப்பெயர்கள் ஒரே ஈற்றைப் பெறுமாறு வகைசெய்தன. ப்ரொப்ரனலால், அட்டெனலால், மெட்டோப்ரலால் என லால் ஈறு பெற்றவை இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பான்கள். ஆகவே கொடுக்கும் முன் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும், ஆஸ்துமா உள்ளவரிடம் எச்சரிக்கை வேண்டும். காப்டோப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என ப்ரில் ஈறு பெற்றவை இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. வறட்டு இருமல், முக வீக்கம், பொட்டாசியம் மிகுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும், கருவுற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. நிறுவனங்கள் சூட்டும் வணிகப் பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், இன்றைய தேர்வு பொதுப்பெயர்களையே முதன்மையாகப் பயன்படுத்துகிறது. ஒரு காலத்தில் குப்பியின் எண்ணை மட்டும் அறிந்திருந்த செவிலியருக்கு, இன்று பெயரே மருந்தின் குணத்தை அறிவிக்கும் திறவுகோலாகிவிட்டது.

இவ்வாறு குடும்பம் குடும்பமாகக் கற்ற பின்னரும், தனித்தனியே மனத்தில் நிறுத்த வேண்டியவை சில உண்டு. ஹெப்பாரின் மிகுந்தால் முறிமருந்து புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, பாரசிட்டமாலுக்கு அசெட்டில்சிஸ்டீன், பேறுகால வலிப்பைத் தடுக்கச் செலுத்தப்படும் மெக்னீசியம் சல்ஃபேட்டுக்குக் கால்சியம் குளுக்கோனேட் என்பவை அவற்றுள் சில. டிஜாக்சின் கொடுக்கும் முன் மார்பில் குழல் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும் என்பதும், பெரியவர்களுக்குத் துடிப்பு 60க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும், செறிவான பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராகச் சிரையில் செலுத்தக் கூடாது என்பதும் எல்லாத் தலைமுறை மாணவர்களும் கற்றுவந்த பாடங்கள்.

பிழைகள் கற்பித்த பாடம்

மருந்தளிப்பில் நேரும் பிழைகளைத் தடுக்கும் நெறியாக, சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்து சரிகள் செவிலியர் பள்ளிகளில் நீண்டகாலமாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் 1999இல் அமெரிக்க மருத்துவக் கல்வியகம் வெளியிட்ட அறிக்கை, மருத்துவமனைப் பிழைகளால் அந்நாட்டில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறப்பதாக மதிப்பிட்டபோது, தனியொருவரின் கவனத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பது தெளிவாயிற்று. பிழை நேரும் வாய்ப்பையே குறைக்கும் வகையில் எழுத்துமுறைகள் திருத்தப்பட்டன. 2004இல் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு வெளியிட்ட தடைப்பட்டியல், யூனிட் என்பதை ஒற்றை எழுத்தால் சுருக்கி எழுதக் கூடாது என்றது, ஏனெனில் அவ்வெழுத்து சுழியமாகப் படிக்கப்பட்டு, 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடலாம். 1.0 மில்லிகிராம் என்று எழுதினால் புள்ளி மறைந்து 10 எனப் படிக்கப்படும்; .5 என்று எழுதினால் 5 எனப் படிக்கப்படும். ஆகவே முன்னதில் சுழியத்தை நீக்கவும் பின்னதில் சுழியத்தைச் சேர்க்கவும் விதிக்கப்பட்டது. இவ்விதிகள் இன்று உரிமத் தேர்வுக்கான பாடங்களுள் அடக்கம்.

தேர்வின் நோக்கமும் இதற்கேற்ப ஆழமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள புதிய தலைமுறைத் தேர்வில், 85 முதல் 150 வரையான வினாக்களுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் விடையளிக்க வேண்டும். நோயாளி ஒருவரின் பதிவேடு, ஆய்வக முடிவுகள், மருந்துப் பட்டியல் ஆகியவற்றைத் தந்து, குறிப்புகளைக் கண்டறிதல், அவற்றைப் பகுத்தாய்தல், எது முதன்மையானது எனத் துணிதல், தீர்வுகளை வகுத்தல், செயல்படுதல், விளைவை மதிப்பிடுதல் என்னும் ஆறு படிகளில் தேர்வரின் சிந்தனை சோதிக்கப்படுகிறது. மருத்துவர் எழுதிய மருந்தே ஆயினும், இந்நோயாளியின் பொட்டாசியம் அளவு இவ்வாறிருக்கையில் அதைக் கொடுக்கலாமா, நிறுத்திவைத்து வினவ வேண்டுமா என்பதே இப்போது எழுப்பப்படும் கேள்வி. மருந்தின் பொருத்தத்தைப் பற்றிச் செவிலியர் சிந்தித்துவிடுவார் என்று அஞ்சிப் பெயரை மறைத்த தொழிலமைப்பு, அவ்வாறு சிந்திக்காதவருக்கு உரிமம் இல்லை என்று கூறும் நிலைக்கு வந்திருக்கிறது.

கடல் கடந்த தேர்வு

இத்தேர்வு அமெரிக்காவுக்கு வெளியிலும் வாழ்வுகளைத் தீர்மானிக்கிறது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திற்குப் பிறகு ஆசிய நாடுகளின் செவிலியர் பெருமளவில் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் பலர் உரிமத் தேர்வில் தவறியதால் தகுதிக்குக் குறைந்த வேலைகளில் தேங்க நேர்ந்தது. புறப்படும் முன்னரே தகுதியைச் சோதிக்கும் நோக்கில், அயல்நாட்டுப் பட்டதாரிச் செவிலியருக்கான ஆணையம் 1977இல் அமைக்கப்பட்டது. 2005 சனவரியில் இலண்டன், சியோல், ஹாங்காங் ஆகிய நகரங்களில் என்கிளெக்ஸ் முதன்முதலாக அயல்மண்ணில் நடத்தப்பட்டது. அடுத்து இந்தியாவும் சேர்க்கப்பட்டு, சென்னையும் தேர்வு மையமாயிற்று. கனடாவின் பெரும்பாலான மாநிலங்கள் 2015இல் இதையே தங்கள் பதிவுத் தேர்வாக ஏற்றன.

தமிழகத்திற்கு இத்துறையில் தனக்கென ஒரு வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் பதிவுக்கான சட்டம் 1926இல் இயற்றப்பட்டது; வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அம்மரபில் வந்த மாணவர்கள் இன்று அமெரிக்கத் தேர்வுக்குப் படிக்கும்போது, இங்கு வழங்கும் பாரசிட்டமால் அங்கு அசெட்டமினோஃபென் என்றும், சால்பூட்டமால் அல்புட்டரால் என்றும், அட்ரினலின் எபிநெஃப்ரின் என்றும் வழங்குவதால், தெரிந்த மருந்தையே மறுபெயரில் மீண்டும் கற்க வேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று உறுதியாகிறது. மருந்து வினாக்களின் கடினம் வெளியிலிருந்து திணிக்கப்பட்டதன்று. செவிலியரின் கையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு வளர வளர, அதற்கு ஈடாகத் தேர்வும் வளர்ந்தது. ஊசி அவரிடம் வந்தபோது கணக்கும், சிரைவழி வந்தபோது கரைசல்களின் அறிவும், ஆற்றல்மிக்க மருந்துகள் வந்தபோது முறிமருந்துகளும், இறுதியில் மருத்துவரின் ஆணையையே வினவும் கடமையும் பாடமாயின. ஆகவே இன்றைய மாணவர், மனப்பாட அட்டைகளில் உள்ள வரிகளைத் தேர்வறைக்கு மட்டுமான சரக்காகக் கருதாமல், ஒவ்வொரு மருந்திலும் இதை ஏன் கொடுக்கிறோம், கொடுத்த பின் எதைக் கவனிக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிக் கற்க வேண்டும். ஆசிரியர்களும் அவ்வாறே கற்பிக்க வேண்டும். அவ்வினாக்களை எழுப்பும் உரிமையை முந்தைய தலைமுறைச் செவிலியர் போராடிப் பெற்றனர். அதைப் பயன்படுத்துவது, நோயாளிக்கு இன்றைய செவிலியர் ஆற்ற வேண்டிய முதற்கடமை.